ஒரே பேர், நாலு அலமாரி: சிலபஸுக்கு வெளியே படிக்க ஒரு சுலபமான வழி

முதல்ல ஒரு கேள்வி. காலேஜ் சேர்ந்ததுல இருந்து நீங்க முழுசா படிச்ச புத்தகங்களை மனசுல வரிசையா நிறுத்துங்க. செமஸ்டர் புத்தகம், ஆப்டிட்யூட் புத்தகம் ரெண்டையும் கழிச்சுடுங்க. மிச்சம் எத்தனை? அதுல உங்க டிபார்ட்மென்ட்டுக்கும் உங்க ரசனைக்கும் சம்பந்தமே இல்லாத புத்தகம் எத்தனை?

பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் வரும். இது சோம்பேறித்தனம் இல்ல, நமக்குப் புத்தகம் வந்து சேரும் விதம் அப்படி. சிலபஸ் சொல்றதைப் படிக்கிறோம். ஃப்ரெண்ட் சொல்றதைப் படிக்கிறோம், அவனும் அதே கிளாஸ். செயலி பரிந்துரைக்கிறதைப் படிக்கிறோம். அது நாம ஏற்கெனவே பார்த்ததுக்குப் பக்கத்துல இருக்கிறதைத்தான் காட்டும். மூணுமே நம்மளை ஒரே தெருவுக்குள்ள சுத்த விடுது.

அந்தத் தெருவை விட்டு வெளிய வர ஒரு சின்ன விதி இருக்கு. ஒரு பேரை எடுத்துக்கோங்க. அந்தப் பேர்ல முடியிற எழுத்தாளர்களை, அவங்க எந்தத் துறையா இருந்தாலும், வரிசையா படிங்க. அவ்வளவுதான்.

ஏன் பேர்?

சி.எஸ். படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லிடலாம்: ஹேஷ். மத்தவங்களுக்கு: ஒரு பொருளோட அர்த்தத்தைப் பார்க்காம, ஒரு கணக்கை மட்டும் வச்சு அதை ஏதோ ஒரு பெட்டியில போடுற முறை. பேரும் அப்படித்தான். பேர் வைக்கும்போது இந்தக் குழந்தை பெரிசாகி இயற்பியல் படிக்குமா, நாவல் எழுதுமான்னு யாருக்கும் தெரியாது. அதனால பேரை வச்சுத் தேடினா துறை பார்க்காத ஒரு தேர்வு கிடைக்குது.

லைப்ரரி இதுக்கு நேர் எதிரா அடுக்கப்பட்டிருக்கு. ட்யூயி முறையில ஒளியியல் 535, ஆசியாவின் நிலவியல் 555, விலங்குகள் 590, தமிழ் இலக்கியம் 894.811. ஒரே பேரைத் தேடினா நீங்க நாலு அலமாரிக்கு நடக்கணும். அந்த நடைதான் நமக்கு வேணும்.

நம்ம ஊர்ல 'சர்நேம்' எது?

வெளிநாட்டுல கடைசிப் பேர்னா குடும்பப் பேர். நம்ம கதை வேற. முன்னால நிக்கிற எழுத்து அப்பா பேர், சில சமயம் ஊர் பேர். கடைசியில நிக்கிறது அவரவர் சொந்தப் பேர். அதனால ஆங்கில கேட்டலாக்ல ‘கிருஷ்ணன், கே.எஸ்.’, ‘கிருஷ்ணன், எம்.’, ‘கிருஷ்ணன், எம்.எஸ்.’னு அடுத்தடுத்து வந்தா, வெளியூர்க்காரர் அண்ணன் தம்பின்னு நினைச்சுப்பார். உண்மையில அவங்களுக்குள்ள உறவு எதுவும் கிடையாது. ஒரே வீட்டுல வளர்ந்தவங்களா இருந்தா ஒரே மாதிரி யோசிக்க வாய்ப்பு உண்டு. இங்க அதுவும் இல்ல. இந்த விளையாட்டுக்கு நம்ம பேர் முறை இன்னும் வசதி.

இப்போ நிஜமாவே விளையாடிப் பார்க்கலாம். பேர்: கிருஷ்ணன். களம்: என் ஊர் சித்தேரி.

சித்தேரி தருமபுரி மாவட்டத்துல இருக்கிற மலை ஊர். அரூர்ல பஸ் ஏறினா மலைப்பாதை. சாமை, தினை, கேழ்வரகு, புளி, பலா. எங்க மக்களை அரசு ஆவணங்கள் 'மலையாளி' பழங்குடின்னு சொல்லும். கேரளாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, மலையில வாழ்றவங்கன்னு அர்த்தம். நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். சொந்த மலையைப் பத்தி ஒரு பாடம்கூட எந்த வகுப்புலயும் வந்ததில்லை. நாலு கிருஷ்ணன்களைப் படிச்சா அதே மலையைப் பத்தி நாலு கேள்வி கிடைக்குது.

கிருஷ்ணன் 1: வெளிச்சம்

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், அதாவது கே.எஸ். கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். ராமன் விளைவைக் கண்டுபிடிச்ச நாட்கள்ல கல்கத்தாவுல சி.வி. ராமனோட கூடவே வேலை செஞ்சவர். பின்னால டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

இவர்கிட்ட படிக்க வேண்டியது பெரிய புத்தகம் இல்ல. 1928 மார்ச் 31 'நேச்சர்' இதழ்ல ராமனும் இவரும் சேர்ந்து எழுதின குறிப்பு, ரெண்டு பக்கத்துக்குள்ள முடிஞ்சிடும். அதுல இருக்கிற சோதனையைக் கவனிங்க. சூரிய ஒளியை லென்ஸ் வச்சுக் குவிச்சு ஒரு திரவத்துக்குள்ள விடுறாங்க. உள்ள போற ஒளிக்கு ஊதா-நீலம் மட்டும் விடுற ஒரு கண்ணாடி. பார்க்கிற பக்கம் பச்சை-மஞ்சள் மட்டும் விடுற இன்னொரு கண்ணாடி. ரெண்டையும் சேர்த்து வச்சா எதுவும் தெரியக் கூடாது. ஆனா மங்கலா ஒரு தடம் தெரியுது. அப்போ திரவத்துக்குள்ள ஒளி தன் நிறத்தையே மாத்திக்கிட்டிருக்கு! ஒரு தடவை பார்த்துட்டு விடல, ஏறக்குறைய 60 திரவங்கள்ல சோதிச்சிருக்காங்க.

அரூர்ல இருந்து பார்த்தா சித்தேரி மலை நீலமாத் தெரியும், பக்கத்துல போனா பச்சை. நடுவுல இருக்கிற காத்து நீல ஒளியை அதிகமா சிதறடிக்குது. அந்தச் சிதறல்ல நிறம் பிரியும், ஆனா அலைநீளம் மாறாது. ராமனும் கிருஷ்ணனும் பிடிச்சது, அலைநீளமே மாறுற அபூர்வமான சிதறலை. தோராயமா கோடியில ஒரு ஃபோட்டான் கணக்கு. லேப்ல கருவி இல்லைன்னு புலம்புற நமக்கு, சூரியனையே விளக்கா வச்ச சோதனையைப் படிக்கிறது நல்லது.

கிருஷ்ணன் 2: கல்லு

எம்.எஸ். கிருஷ்ணன். இவரும் 1898-ல் பிறந்தவர்தான். முதல் எழுத்து மகாராஜபுரம்ங்கிற ஊர். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரான முதல் இந்தியர். 1943-ல் இவர் எழுதின இந்தியா, பர்மா நிலவியல் நூல் பல பதிப்புகள் கண்ட பாடநூல். சிவில் பிளாக்ல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க, பழைய பிரதி கிடைக்கும்.

முழுசும் படிக்க வேண்டாம். தென்னிந்தியாவின் பழைய பாறைகள் பத்தின பகுதி போதும். அதுல 'சார்னோக்கைட்'னு ஒரு பேர் வரும். கருநீலச் சாயல்ல இறுகின பாறை. சேர்வராயன் மலையையும் எங்க பக்கத்து மலைகளையும் கட்டி எழுப்பினதுல பெரும்பங்கு இதுக்கு. வயசு கிட்டத்தட்ட 250 கோடி வருஷம்.

பேர் வந்த கதைதான் வேடிக்கை. கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக் கல்லறைக்கு வச்ச கல், சென்னைப் பக்கத்துல இருந்து போனது. அந்தக் கல்லறையை வச்சு ஹாலந்துங்கிற நிலவியலாளர் 1893-ல் பாறைக்கே சார்னோக்கைட்னு பேர் வச்சுட்டார். எங்க ஊர்ப் பிள்ளைங்க ஏறி விளையாடுற பாறையோட அறிவியல் பேர், நம்ம மலைக்கே வராத ஒரு வெள்ளைக்காரரோட கல்லறைப் பேர்.

கிருஷ்ணன் 3: காடு

எம். கிருஷ்ணன், தமிழ்ல மா. கிருஷ்ணன் (1912–1996). 'எம்' என்றால் மாதவையா. ஆமா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அ. மாதவையாவோட மகன். இயற்கையை எழுதினவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழ்ல 1950-ல் ஒரு பத்தி ஆரம்பிச்சு, சாகும்வரை 46 வருஷம் விடாம எழுதினார். நாம ஒரு டெக்னிக்கல் பிளாக் ஆரம்பிச்சு மூணாவது பதிவுல நிறுத்துறவங்க, நினைச்சுப் பாருங்க.

கறுப்பு வெள்ளையில விலங்குகளைப் படம் எடுத்தவர். அதுக்கு வெவ்வேறு கேமராக்களோட பாகங்களைச் சேர்த்து, தானே ஒரு கேமரா கட்டிக்கிட்டார். ஈ.சி.ஈ., மெக்கானிக்கல் மக்கள் இதைப் பொறாமையோட படிக்கலாம். தமிழ்லயும் எழுதியிருக்கார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கார். இங்கிலீஷ் மீடியம்ல வந்து தமிழ்ல வேகமா படிக்க வராதவங்களுக்கு இது நல்ல தொடக்கம், ஏன்னா எல்லாம் சின்னச் சின்னக் கட்டுரை. இவரைப் படிச்சதுக்கு அப்புறம் மலையில 'ஏதோ ஒரு குருவி'ன்னு சொல்ல வாய் வராது. என் பாட்டிக்குத் தெரிஞ்ச குருவிப் பேர்களைக் கேட்டு எழுத ஆரம்பிச்சது இவராலதான்.

கிருஷ்ணன் 4: மனுஷங்க

ராஜம் கிருஷ்ணன் (1925–2014). மத்த மூணு பேருக்கும் கிருஷ்ணன் சொந்தப் பேர். இவருக்கு அது கணவர் வழி வந்த பேர். ஒரே 'கடைசிப் பேர்', ஆனா அது வந்த வழி வேற. இதைக் கவனிக்காம கேட்டலாக்கை மட்டும் பார்த்தா தெரியாது.

15 வயசுல கல்யாணம். கணவர் மின்துறைப் பொறியாளர். காலேஜ் வாசலை மிதிக்காத இவர், ஒரு நாவல் எழுதணும்னா அந்த மக்கள் வாழ்ற இடத்துக்கே போய்ப் பேசிப் பழகித் தகவல் சேர்த்துட்டுத்தான் எழுத உட்காருவார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்காக 'கரிப்பு மணிகள்', மீனவர்களுக்காக 'அலைவாய்க்கரையில்', நீலகிரி படகர்களுக்காக 'குறிஞ்சித்தேன்'. 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்ய அகாதெமி விருது. 2009-ல் தமிழக அரசு இவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிடுச்சு, அதனால பணப் பிரச்சினை இல்லாம இணையத்துலயே தேடிப் படிக்கலாம்.

நீங்க ‘குறிஞ்சித்தேன்’ல தொடங்குங்க. ஒரு மலை ஊருக்குள்ள தேயிலையும் பணமும் மின்சாரத் திட்டமும் வரும்போது அண்ணன் தம்பி உறவு என்ன ஆகுதுன்னு பார்க்கலாம். அணை கட்டுறது நம்ம படிப்பு. அணைக்கு மேல இருந்த வீடு யாரோடதுங்கிற கேள்வி நம்ம சிலபஸ்ல இல்ல, அது இந்த நாவல்ல இருக்கு.

வெளிச்சம், கல்லு, காடு, மனுஷங்க. எந்தச் செயலியும் இந்த நாலையும் ஒரே ஆளுக்குப் பரிந்துரை செய்யாது. ஒரு பேர் செஞ்சது.

ஆனா, பேர் நிஜமாவே கண்ணை மூடிக்கிட்டா தேர்ந்தெடுக்குது?

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். பேர் துறையைப் பார்க்காது, சரி. ஆனா பேருக்குள்ள மதம், சாதி, ஆணா பெண்ணாங்கிறது எல்லாம் ஒளிஞ்சிருக்கு. நம்ம நாலு கிருஷ்ணன்களும் படிப்பு முன்னாடியே நுழைஞ்ச ஒரே சமூகப் பின்னணியில இருந்து வந்தவங்க. நாலு பேர்ல பெண் ஒருத்தர், அவரும் கணவர் பேரால இந்த லிஸ்ட்டுக்குள்ள வந்தவர். துறைகள் நாலாச்சு, ஜன்னல் ஒண்ணுதான்.

என் ஊர்ல வழக்கமா வைக்கிற சில பேர்களையும், சுத்துவட்டாரத்துல சாமி பேரான 'வேடியப்பன்' என்பதையும் எங்க காலேஜ் கேட்டலாக்ல ஆசிரியர் கட்டத்துல போட்டுத் தேடினேன். ஒண்ணும் வரல. அப்புறம் 'மலையாளி'ன்னு பொருள் கட்டத்துல தேடினா புத்தகம் வருது. எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி துணையோட 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதித் தென்னிந்தியக் குலங்கள் நூல். காஞ்சிபுரத்துல இருந்து கிளம்பின மூணு அண்ணன் தம்பிங்க சேர்வராயன், கொல்லி, பச்சைமலைகள்ல குடியேறின கதை அதுல இருக்கு. என் பாட்டி சொல்ற கதைதான். புத்தக முதுகுல இருக்கிற பேர் மட்டும் வேற.

அதாவது எங்க மக்கள் லைப்ரரியில 'பொருள்' கட்டத்துல இருக்காங்க, 'ஆசிரியர்' கட்டத்துல இல்ல. இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டினது, பேரைப் பிடிச்சுத் தேடுற இந்த விளையாட்டுதான். வழக்கம்போலப் பொருளை மட்டும் தேடியிருந்தா, புத்தகம் கிடைச்சதேன்னு திருப்தியா எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்.

இரண்டாவது சுற்று: முருகன்

அதனால விதியில ஒரு திருத்தம். முதல் சுத்து முடிஞ்சதும், வேற பக்கத்துல இருந்து ஒரு பேரை எடுங்க. நான் எடுத்தது முருகன். பேரோட கடைசியில 'முருகன்'னு முடிஞ்சா போதும்னு கொஞ்சம் தளர்த்திக்கிட்டேன்.

பெருமாள்முருகன்: திருச்செங்கோடு பக்கம். முருகன் இவர் பேர், பெருமாள் அப்பா பேர். இனிஷியலை முழுசா எழுதிச் சேர்த்துக்கிட்ட பேர். 'கூளமாதாரி' நாவல் ஆடு மேய்க்கிற அருந்ததியர் சிறுவர்களோட உலகம். இவரே ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யும் தொகுத்திருக்கார். வீட்டுல பேசுற சொல் அகராதிக்குள்ள போக முடியும்னு தெரிஞ்சுக்க அது போதும்.

இரா. முருகன்: வங்கி, கணினித் துறையில வேலை பார்த்தவர். ‘மூன்று விரல்’ நாவல் சாஃப்ட்வேர் ஆட்களைப் பத்தினது. பிளேஸ்மென்ட்டுக்கு முன்னாடி படிச்சுடுங்க.

ச. பாலமுருகன்: ஈரோட்டுப் பக்கம் வழக்கறிஞர். 'சோளகர் தொட்டி' (2004). வீரப்பன் தேடுதல் காலத்துல சத்தியமங்கலம் காட்டுச் சோளகர் மக்கள் அதிரடிப்படைகிட்ட பட்ட சித்திரவதை. இதை ஒரே மூச்சுல படிக்க முடியாது, நிறுத்தி நிறுத்திப் படிங்க.

நாலாவது முருகன் எழுத்தாளர் இல்ல, நீதிபதி: பி. வேல்முருகன். வாச்சாத்தி சித்தேரி மலையடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுறோம்னு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ள புகுந்தாங்க. ஊரை அடிச்சு நொறுக்கினாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துட்டாங்க. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள்னு சொன்னது. மேல்முறையீட்டை விசாரிச்ச நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேர்ல வந்து பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செஞ்சு, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார்.

அந்தத் தீர்ப்பும் ஒரு வாசிப்புதான். அதுல அந்தப் பெண்களோட சாட்சியம் ஆதாரமா நிக்குது. கேட்டலாக்ல ஆசிரியர் கட்டத்துல இடம் கிடைக்காத மக்கள் சொன்னது, ஒரு மாநிலத்தோட மூணு துறைகளைக் கூண்டுல நிறுத்தின ஆவணத்துக்குள்ள இருக்கு. பொறியியல் படிச்சுட்டு நாளைக்கு ஏதோ ஒரு துறையில கையெழுத்துப் போடப் போறவங்க நாம. இதைப் படிக்காம கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எனக்குத் தோணுது.

நீங்க எப்படி ஆரம்பிக்கிறது?

1. பேரைத் தேர்ந்தெடுங்க. உங்க பேர், அப்பா பேர், ரூம்மேட் பேர் எதுவானாலும் சரி. ரொம்ப அபூர்வமான பேர் முதல் சுத்துக்கு வேண்டாம்.

2. லைப்ரரி கேட்டலாக்ல 'ஆசிரியர்' கட்டத்துல மட்டும் தேடுங்க. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் தனித்தனியா. சுப்பிரமணியன், சுப்ரமண்யம் மாதிரி எழுத்து மாறுற பேர்னா எல்லா விதமாவும் போட்டுப் பாருங்க.

3. வந்த லிஸ்ட்ல உங்க டிபார்ட்மென்ட் புத்தகங்களை அடிச்சுடுங்க. மிச்சத்துல ஒரு துறைக்கு ஒண்ணுன்னு நாலு எடுங்க.

4. ஒவ்வொண்ணையும் 30 பக்கம் கண்டிப்பா படிங்க. பிடிக்கலைன்னா வச்சுடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். புத்தகம் இல்லாம கட்டுரையோ தீர்ப்போ இருந்தாலும் கணக்குல சேரும்.

5. நாலையும் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு இடத்தோட முடிச்சுப் போடுங்க. உங்க ஊர், தெரு, ஏரி, எதுவானாலும். 'இந்த ஆள் என் ஊருக்கு வந்தா எதை முதல்ல பார்ப்பார்?' இந்தக் கேள்வி இல்லைன்னா நாலு புத்தகமும் நாலு தனித் தகவலா மறந்து போயிடும்.

6. அப்புறம் ரெண்டாவது பேர். முதல் லிஸ்ட்ல யார் இல்லையோ அவங்க பக்கம் இருந்து எடுங்க. முதல் சுத்து முழுக்க ஆண்கள்னா, 'லட்சுமி'ன்னு போட்டுப் பாருங்க. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, இன்னொரு மருத்துவரும் நாவலாசிரியருமான 'லக்ஷ்மி', 'அம்பை'ங்கிற பேர்ல எழுதுற ஆய்வாளர் சி.எஸ். லக்ஷ்மி. மூணு பேரும் மூணு உலகம்.

ஒரு செமஸ்டருக்கு ஒரு பேர் போதும். நாலு புத்தகம், மாசத்துக்கு ஒண்ணு. எட்டு செமஸ்டர்ல எட்டு பேர், 32 புத்தகம். ஃபைனல் இயர் மக்களே, நமக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு, ஒரு பேருக்கு நேரம் இருக்கு.

உங்க பேரைப் போட்டுத் தேடி ஒண்ணுமே வரலைன்னாலும் அதையும் குறிச்சு வைங்க. எந்தப் பேர்கள் நம்ம லைப்ரரியில ஆசிரியர் கட்டத்துல வரவே இல்லைங்கிற ஒரு பட்டியலை அடுத்த இதழ்ல போடலாம்னு இருக்கோம். கிடைச்ச நாலு புத்தகப் பேரையோ, கிடைக்காத ஒரு பேரையோ, ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க. நான் என் பாட்டி சொன்ன குருவிப் பேர்களோட வர்றேன்.